மெருகின் மேல் ஐந்து விரல்

துரு எடுக்கும் தொழிலில் இரும்பு வெளுக்கும், ஆள் கறுப்பான். மழையில் நனைந்த சைக்கிளைத் துடைத்துத் துடைத்துக் கை வலித்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தருமபுரியில் ரஹீம் பாய் பட்டறையில் நானும் மாரி அண்ணனும் வேலை செய்கிறோம். சீமையில் சண்டை நடப்பதால் புதுச் சாமான் எதுவும் வருவதில்லை. பழசைப் புளித்தண்ணியில் ஊறப்போட்டு, செங்கல் பொடியால் தேய்த்து, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று ஆக்கித் தருகிறோம். எனக்கு வயது பதினாறு. யார் பேசினாலும் அடுத்த நிமிஷம் அதே குரலில் பேசுவேன். அதற்காகத் தலையில் குட்டும் வாங்குவேன்.

காப்பிக்கொட்டை கலர்

மாரண்டஹள்ளித் தையல்காரர் ஒருவர், ஒழுகும் கூரைக்கடியில் கிடந்த மிஷினின் சக்கரத்தையும் தண்டுகளையும் கழற்றிச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். ஒரு நாள் ஊறவைத்து மூன்று நாள் தேய்த்தோம். திரும்ப வாங்கிப்போக வந்தவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“இது என்னுது இல்லீங்க பாய். இருபது வருசமா பாக்கறேன், என்னுது காப்பிக்கொட்டை கலருங்க. யாரோ பெரிய மனுசன் சாமானை எனக்குக் குடுத்துட்டு, அப்புறம் போலீசு கீலீசுன்னா நான் எங்கீங்க போவேன்?”

மூஞ்சி பார்த்தது

மாரி அண்ணன் சித்தேரி மலையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர். கூப்பிட்ட குரலுக்கு எழுந்து நிற்பார். பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம், கதவுக்குப் பின்னால் நின்று பாய் குரலில், அவர் இருமலோடு, “மாரீ! அந்தக் கத்திரியில மூஞ்சி தெரியுதா பாரு!” என்றேன். மாரி அண்ணன் கத்திரியைத் தூக்கி, வாயைக் கோணி, பல்லைக் காட்டி, அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்:

“தெரியுதுங்க பாய். பாலீஷு சுத்தமா இருக்குதுங்க. மூஞ்சிதான் இன்னும் ரெண்டு தேய்ப்புத் தேய்க்கணுமுங்க.”

கைநாட்டு

அரூரிலிருந்து ஒரு கம்பவுண்டர், போன வாரம் வாங்கிப்போன இடுக்கிகளோடு திரும்பி வந்தார். பளபளப்பின் மேல் செம்பழுப்பாக விரல் ரேகைகள்.

“டாக்டர் கேக்கச் சொன்னாருங்க, இடுக்கியில கைநாட்டு வெச்சது யாருன்னு.”

இரண்டு தகடு

பாய் என்னைத்தான் முறைத்தார். நான் இல்லை என்று சத்தியம் செய்தேன். எங்களைப் போலத் தேய்க்கிறவர்களுக்குத் தெரியும்: சிலருடைய வேர்வை இரும்புக்கு ஆகாது. எண்ணெய் தடவுவதற்குள் தொட்டுவிட்டால் மறுநாள் துருவாக விரல் முளைத்துவிடும். பாய் மெருகேற்றிய இரண்டு தகடுகளை எடுத்துவைத்து, “ஆளுக்கு ஒண்ணுல கையை அழுத்துங்க. காலையில பாத்துக்கலாம். எவன் கைன்னு தெரியுதோ அவன் வூட்டுக்குப் போக வேண்டியதுதான்” என்றார்.

மாரி அண்ணன் வேட்டியில் கையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வேர்வை ஊறியது. “தம்பி, இன்னும் பத்து நாள்ல உங்க அண்ணிக்குப் பேறுகாலம். இப்பப் போயி வேலை போச்சுன்னா...” என்றார். அந்த ஒரு குரல் மட்டும் எனக்குத் திருப்பிச் சொல்ல வரவில்லை. அவர் தகட்டில் கை வைத்தார். நான் நழுவிப்போய், என் சோற்றுத் தூக்கில் இருந்த ஊறுகாய்த் தண்ணியில் கையை முக்கிவந்து என் தகட்டில் அழுத்தினேன்.

காலையில் இரண்டு தகட்டிலும் ஐந்தைந்து விரல். என்னுடையது இன்னும் சிவப்பு. “ரெண்டு பேர் கையுமே ஆகாதுங்க பாய். அனுப்பினா ரெண்டு பேரையும் அனுப்புங்க” என்றேன். பாய் என் தகட்டை மூக்கருகே கொண்டுபோனார். முகர்ந்து பார்த்தார். பிறகு இருமினார்.

“மாரி, இனிமே ஊறப்போட்டுத் துரு தேய்க்கிறதோட நீ நிறுத்திக்க, மெருகு ஏறினதை இவன் தொடட்டும். பேறுகாலத்துக்கு நாலு நாள் வூட்டோட இரு. டேய், உங்கம்மா ஊறுகாயில உப்பு தூக்கல்டா, போய்ச் சொல்லு.”

துரு வரவழைக்கிற கையாலேயே இப்போது துரு எடுத்துக்கொண்டிருக்கிறோம், வாடிக்கைக்காரர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.