துண்டுக்கு அடியில் ஒரு கை

காரிமங்கலம் சந்தையருகே பஸ் நிற்கிறது. இறங்குகிறேன். காலராவுக்காகப் போட்ட தடை நீங்கி, சந்தை இன்றுதான் மறுபடி கூடியிருக்கிறது. பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறுகிறது. மாடுகள் வந்துவிட்டன, வியாபாரத்தைத்தான் காணோம். இங்கே மாட்டு விலையைத் துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். இன்று அடுத்தவர் கையைத் தொட எல்லோருக்கும் பயம்.

"வாயாலேயே சொல்லிடலாமே?" என்று ஒரு தரகரிடம் கேட்கிறேன்.

"அதெப்படிங்க? வெல நாலு பேரு காதுல வுழுந்துட்டா யாவாரம் கெட்டுப்போவுமுங்க."

செவலைக் காளை ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்த விவசாயி ஒருவர் அவரை நெருங்குகிறார். மழை பெய்து நிலம் ஈரமாகக் கிடக்கிறது, ஏர் பூட்ட வீட்டில் ஒற்றை மாடுதானாம்.

"காலரா ஊசி போட்டுக்கிட்டீங்களா?" என்று தரகரைக் கேட்கிறார்.

தரகர் சட்டைக் கையைச் சுருட்டி, வீங்கிய புஜத்தைக் காட்டுகிறார். விவசாயியும் தன் புஜத்தைக் காட்டுகிறார். இருவரும் டீக்கடையில் வெந்நீர் வாங்கி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வருகிறார்கள்.

துண்டு விரிகிறது. உள்ளே விரல்கள் அசைகின்றன. தரகர் உதட்டைப் பிதுக்குகிறார். விவசாயி கையை விடுவதாக இல்லை.

கண்டக்டர் விசில் ஊதுகிறார். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். சந்தையில் ஒவ்வொரு தோளிலிருந்தும் துண்டு இறங்குகிறது.