கண்ணாடிக்குப் பட்டை போட்டவன்

துப்பாக்கி உத்தியோகத்தில் சுடுவது எப்பவோ ஒருமுறை. பார்த்துக்கொண்டே கிடப்பதுதான் வேலை. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலையெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வருஷங்களில் நான் ஆயுதப்படைக் காவலன். ஒத்தைக் கண்ணை மூடப் போய் ரெண்டையும் சேர்த்து மூடித் தொலைக்கிற என் சக பாவிகளே, இது உங்களுக்காக.

பீச்சாங்கண்ணு

எங்கள் கம்பெனிக்கு ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் குழாய் வைத்த துப்பாக்கி ஒன்றே ஒன்று வந்தது. கண்ணாடி போட்டவன் பத்திரமாக வைத்துக்கொள்வான் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். குழாய்க்குள் பார்த்தால் கூட்டல் குறி தெரிய வேண்டும். இடது கண்ணை மூடினால் வலதும் கூடவே மூடிக்கொள்ளும். ரெண்டையும் திறந்தாலோ, கூட்டல் குறி மாயமாகி வெளியே நிற்கிற கரும்புதான் தெரியும். என் முதல் குண்டு பக்கத்து ஆளின் குறிப்பலகையில் போய் உட்கார்ந்தது.

பயிற்சி கொடுத்த ஏட்டு ஐயா, கட்டைவிரலை நீட்டி ஒரு பனைமரத்தை மறைக்கச் சொன்னார். வலது கண்ணைப் பொத்தினார். விரல் மரத்தின் மேலேயே நின்றது. இடதைப் பொத்தினார், விரல் விலகி ஓடியது. ஐயா தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி, கை சோத்தாங்கை, கண்ணு பீச்சாங்கண்ணு! இன்னிக்குப் பலகை. நாளைக்கு ஆள் நின்னா இன்னாடா பண்ணுவ?"

கண்ணடித்த வழக்கு

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. தப்பான ஆளைச் சுட்டுவிடுவேனோ என்று நிஜமாகவே பயந்தேன். கச்சிராயபாளையத்தில் பந்தோபஸ்து நின்றபோது, இடது கண்ணை மட்டும் மூடிப் பழகினேன். மூடித் திற, மூடித் திற. எதிரே கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி வெட்டுவதை நிறுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்து என்னையே பார்ப்பது லேட்டாகத்தான் புரிந்தது.

"இன்னா போலீசுக்காரரே, நானும் அப்பலேர்ந்து பாக்கறேன், கண்ணடிச்சுக்கினே இருக்கீங்க. வூட்ல கேக்க ஆளில்லீங்களா?"

கரியாலூர் மேகம்

மூடுகிற யோசனையை அதோடு விட்டேன். மலைமேல் இருக்கிற கரியாலூருக்கு டூட்டி போட்டார்கள். ஒரு காலையில் நெற்றிக்கு விபூதி வைத்த விரல் கண்ணாடியின் இடது பக்கத்தில் பட்டுவிட்டது. துடைக்காமல் அப்படியே துப்பாக்கியை எடுத்துப் பார்த்தேன். அட! ரெண்டு கண்ணும் திறந்திருக்க, கூட்டல் குறி அசையாமல் நின்றது.

வலது கண்ணில் எதிர் மலை பக்கத்தில் வந்து நின்றது. சாமைக் கதிரின் பனித்துளிகூடத் தெரிந்தது. இடது கண்ணில் வெறும் வெள்ளை. அது மேகமா விபூதியா என்றே தெரியவில்லை. பாதி விழிப்பும் பாதி கனவுமாக, தோட்டா போடாத துப்பாக்கியோடு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம். இன்ஸ்பெக்டர் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

"நெத்திக்குப் பட்டை போட்டுப் பாத்திருக்கேன். கண்ணாடிக்குமாய்யா போடுவ?"

கொடுவாள்

மறுபடி கச்சிராயபாளையம். புளியமரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே கிடந்தது, சுற்றிலும் கூட்டம். என்னை ரைஸ்மில் மாடியில் ஏற்றி, "நம்ம ஆளுங்க மேல எவனாச்சும் கை ஓங்கினா சொல்லு. நான் கையசைச்சா சுடு" என்றார் இன்ஸ்பெக்டர். இந்த முறை தோட்டா இருந்தது. கண்ணாடியின் இடது பக்கத்தில் நானே பூசிக்கொண்ட விபூதியும் இருந்தது.

ஒரு கரண்ட் கம்ப தூரம்தான். வட்டத்துக்குள் ஒருவன் கொடுவாளை ஓங்கினான். அதற்கு நேர் கீழே ஒரு காக்கித் தொப்பி. "ஓங்கறான் ஐயா!" என்று கத்திவிட்டேன். இன்ஸ்பெக்டரின் கை பாதி எழுந்தது. அப்போது நெற்றி வியர்வை கண்ணாடியில் வழிந்து விபூதியைக் கரைத்தது. பீச்சாங்கண்ணு முழித்துக்கொண்டது. கூட்டல் குறி போய், தெருவே தெரிந்தது. தொப்பிக்காரர் எங்கள் ஆள், குனிந்து ஒரு கிளையைப் பிடித்து இழுக்கிறார். அந்தக் கிளையைத்தான் அவன் வெட்டுகிறான். பின்னால் மாட்டுவண்டி, உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். "வேணாம் ஐயா, வண்டிக்கு வழி வெட்டறான்!" என்றேன். இன்ஸ்பெக்டரின் கை இறங்கியது.

ஒரு வாரம் கழித்து டீக்கடையில் அந்தக் கொடுவாள்காரனே என்னை அடையாளம் கண்டு வந்தான். வண்டியில் போனவளுக்குப் பெண் குழந்தையாம். சர்க்கரை கொடுத்துவிட்டுச் சிரித்தான்.

"ஒத்தக் கண்ண மூடினாதான் சுடுவாங்கன்னு சொல்வாங்க. நீங்க தொறந்துக்கினுதானே இருந்தீங்க, சும்மா பாக்கறீங்கன்னு நான்பாட்டுக்கு வெட்டிக்கினு இருந்தேங்க."

ஒத்தைக் கண்ணை மட்டும் மூட எனக்கு இன்றுவரை வரவில்லை. ரெண்டையும் சேர்த்து மூடினால் தூக்கம் மட்டும் நன்றாக வருகிறது.