அரை விரல் கூடுதல்

எங்கள் கார் பட்டறையில் அண்ணிக்கு சீட் கவர் தைக்கும் வேலை. பின்சுவரை ஒட்டி ஒரு தையல் இயந்திரம், ஒரு ஸ்டூல், எந்நேரமும் கழுத்தில் அளவு நாடா. அண்ணன் இன்ஜின் பார்ப்பார். தகர வேலை எனக்கு. கண்ணாடி மாட்டுவதும் நாங்கள் இருவரும்தான். வாத்தியாரின் கார் வரும்வரை அண்ணி அதில் தலையிட்டதில்லை.

வாத்தியார் ஓய்வுபெற்றவர். அவருடைய கார் ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடியது. முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் காய்ந்து பொடிந்திருந்தது. புது ரப்பர் போட்டு, தண்ணீர் அடித்துக் காட்டித்தான் அனுப்பினோம். பதினைந்தாம் நாள் பெய்த மழையில் அவர் மடி நனைந்தது. மறுபடி மாட்டினோம், மறுபடி நனைந்தது. மூன்றாம் முறை வந்தவர் குரலை உயர்த்தவே இல்லை.

"இந்தக் கண்ணாடி உடைஞ்சா வேற கிடைக்காது. இன்னொரு தடவை ஒழுகினா வண்டியை வேற இடத்துக்குக் கொண்டு போயிடுவேன்" என்றார். இருபது வருடம் சேர்த்த பெயர் அந்தரத்தில் தொங்கியது.

அண்ணி எழுந்து வந்தார். ரப்பரின் இரண்டு முனையும் சேரும் இடத்தில் விழுந்திருந்த இடைவெளியில் நகத்தை விட்டுப் பார்த்தார்.

"இழுத்துப் பிடிச்சு மாட்டியிருக்கீங்க. துணியை இழுத்துத் தைச்சா அப்புறம் சுருங்குதில்ல? ரப்பர் மட்டும் உங்க மூஞ்சியைப் பாத்து அப்படியே நிக்குமா?"

அப்படியென்றால் நீயே மாட்டு என்று அண்ணன் எரிந்து விழுந்தார். அண்ணி அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்.

ரப்பர் சுருளைப் பிரித்து ஒரு பகல் முழுக்க வெயிலில் தளர்வாகக் கிடக்கவிட்டார். பிறகு கண்ணாடியைச் சுற்றிப் பொருத்திக்கொண்டே வந்தார். கடைசியில் அரை விரல் நீளம் கூடுதலாக நின்றது. நான் கத்தியை எடுத்தேன்.

"கத்தியை மடிச்சு வைங்க தம்பி. அந்த அரை விரலுக்காகத்தான் இவ்வளவு பாடு."

சட்டைக் கையைத் தோளோடு சேர்க்கும்போது துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக் கொடுப்பார்கள். அதேபோல அந்த அரை விரலையும் இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி அடக்கி, முனைகளைப் பசை வைத்து ஒட்டினார். ரப்பரின்மேல் அழகுக்காகப் பதியும் அலுமினியப் பட்டை நசுங்கிக் கிடந்தது; அதைப் பின்பக்கமிருந்து மரக்கட்டையால் தட்டி நிமிர்த்தினார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, சொரசொரப்பானதில் தொடங்கி நைசானதுவரை தேய்த்தார். பட்டையில் முகம் தெரிந்த பிறகுதான் அதை ரப்பரின் பள்ளத்தில் அழுத்தினார்.

ரப்பரின் உள்விளிம்பில் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவினோம். நாங்கள் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, அண்ணி காருக்குள்ளே உட்கார்ந்து கயிற்றை உருவினார். கயிறு வர வர, ரப்பர் தகர விளிம்பின்மேல் ஏறி உட்கார்ந்தது. அண்ணன் மூச்சுவிட்டது கடைசிச் சாண் கயிறு வந்த பிறகுதான்.

ஆனால் வண்டியைக் கொடுக்க அண்ணி சம்மதிக்கவில்லை. சுருங்குவதென்றால் இங்கேயே சுருங்கட்டும் என்று இருபது நாள் வெயிலில் நிறுத்தினார். அண்ணன் முணுமுணுத்தபடி சுற்றிச் சுற்றி வந்தார்.

இருபத்தோராம் நாள் வாத்தியார் மடியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். அரை மணி நேரம் கண்ணாடிமேல் தண்ணீர்க் குழாயைப் பிடித்தேன். இறங்கியவர் தாளை அண்ணியிடம் நீட்டினார். அண்ணி அதன் மடிப்புவரை தடவிப் பார்த்தார். மொறமொறவென்று இருந்தது.

பின்கண்ணாடி ரப்பரும் போயிருக்கிறது, எப்போது மாட்டித் தருவீர்கள் என்று வாத்தியார் அண்ணனைக் கேட்டார்.

"அவகிட்டயே கேளுங்க சார். இங்க கண்ணாடி வேலை அவளோடது" என்றார் அண்ணன், பட்டறை முழுக்கக் கேட்கும்படி.

அண்ணி அதற்குள் காரின் பின்பக்கம் போய்விட்டிருந்தார். ரப்பரைப் பார்க்காமல் தேதி சொல்ல முடியாதாம்.