கீழேதான் விழுந்தது

இந்த ஊரில் ஈரச் சேலையைப் பால்கனிக் கம்பிக்கு வெளியே தொங்கவிடக் கூடாதாம். ஜெனீவாவுக்கு வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. கீழ்வீட்டு மதாம் ஏறி வந்து "போன்ஜூர்" என்றாள். சேலையைக் காட்டினாள், பிறகு கையைக் கீழே இறக்கிக் காட்டினாள். சேலை எந்த ஊர் என்று கேட்கிறாள் என்று நினைத்து, "காஞ்சிபுரம்" என்று சொல்லி, பெட்டியிலிருந்த பட்டுச் சேலையையும் கொண்டுவந்து விரித்தேன். ஜரிகையைத் தொட்டுப் பார்த்தாள், மரியாதைக்குச் சிரித்தாள், மறுபடியும் கீழே காட்டினாள். சொட்டின தண்ணீரெல்லாம் அவள் நாற்காலியில் விழுகிறதென்று மகள் வந்துதான் சொன்னாள். மேலே விட்டது கீழே விழும், அது எந்த ஊரிலும் அப்படித்தான். அதை மகள் பார்க்கப் போய்த்தான் என் வீட்டில் ஒன்று நடந்தது.

மகள் தேவகி எங்களுக்கு ஒரே பிள்ளை. இங்கே ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. எதிர்ப்பொருள் என்று ஒன்று இருக்கிறதாம். அது நம்முடைய பொருள்மேல் பட்டால் இரண்டுமே அழிந்துபோகும். அதனால் சுவரில் படாமல் காந்தத்தால் அந்தரத்தில் பிடித்துவைத்து, பிடியை மெல்லத் தளர்த்தி, மேலே போகிறதா கீழே விழுகிறதா என்று பார்ப்பார்கள். லீவில் வந்திருந்தபோது, "கீழ விழலாம், மேல போனாலும் போவும்மா" என்றாள். நான் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்க, மேலே விழுகிற பொருளை என் மகள் காட்டப்போகிறாள் என்று சொல்லிவைத்தேன்.

அந்த ஐப்பசியில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டார். போனில் மகள் அழுதாள். "இந்த வாரந்தாம்மா மிஷின்ல எங்க முறை. அப்புறம் குளிருக்கு மூடிடுவாங்க" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வந்துவிடுவாள் என்று அவரை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். மாகறலில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் கூட்டத்தின் நடுவில் கேட்டாள்: "ஒத்தப் பொண்ணு. பெத்தவன வுட்டுட்டு அப்பிடி இன்னா வேல அண்ணி?"

நான் தலையை நிமிர்த்தியே சொன்னேன். "ஒலகத்துல யாரும் பாக்காதத பாத்துக்கினு இருக்கா. மேல வுழுறத. அவள வுட்டா ஆளு இல்ல."

கொழுந்தன் மகன்தான் கொள்ளி வைத்தான்.

காரியம் முடிந்து பல நாள் கழித்து மகள் வந்து என்னை இங்கே அழைத்துக்கொண்டாள். அவர்கள் கணக்கெல்லாம் பார்த்து முடிக்க அதற்குப் பிறகும் வெகுகாலம் ஆனது. முடிவு வந்த அன்று ஆராய்ச்சிக் கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்களாம். கேக் கொண்டுவந்தாள். "கீழதாம்மா விழுது" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

மாகறலுக்கும் செய்தி போய்விட்டது. நாத்தனார் போனில் வந்தாள். "இன்னா அண்ணி, கீழதான் வுழுந்துச்சாமே? எங்கூட்டு தேங்காகூட கீழதான் வுழுது. இத்தப் பாக்கவா எங்கண்ணன் ஐஸ் பெட்டியில காத்துக்கினு கெடந்துச்சு?"

நான் போனை வைத்துவிட்டேன். சாப்பிடும்போது மகளைக் கேட்டேன்.

"கீழதான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"முக்காவாசிப் பேர் அப்படித்தான் நினைச்சாங்க."

"அப்புறம் எதுக்கு நீ நின்னு பாக்கணும்?"

"யாரும் கண்ணால பார்த்ததில்லயேம்மா. பார்க்காம எப்படி நம்புறது?"

"உங்கப்பன் செத்தத நீ பாக்கல. அத நம்பிட்டயே."

அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். நான் போய்த் தொடவில்லை. தொட்டிருக்கலாம். மனசு வரவில்லை.

அவருடைய திதி நெருங்கியபோது நாத்தனார் மறுபடியும் கூப்பிட்டாள். "இந்த வருசமாச்சும் வருவாளா, இல்ல இன்னும் எதனா கீழ வுழுவணுமா?" என்றாள். மகள் அடுத்த அறையில் இருந்தாள், கதவு திறந்திருந்தது. "கீழ வுழும்னு நீ சொல்லுவ. வுழுந்தத பாத்தவ எம் பொண்ணு. வெச்சிடு" என்றேன்.

மகள் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். ஊரிடம் பேசினால் நான் மகளின் ஆள். மகளிடம் வாயைத் திறந்தால் அந்த ஊரின் ஆள்.

இப்போதெல்லாம் சேலையை வெளியே விடுவதில்லை. கம்பிக்கு உள்பக்கம் கயிறு கட்டி, தரையில் படாமல் மடித்துத் தூக்கிப் போடுகிறேன். கீழே ஒரு பக்கெட் வைத்துவிடுகிறேன். என் தண்ணீர் இந்த ஊர் மண்ணில் ஒரு சொட்டும் விழுவதில்லை. சேலைதான் காய நாளாகிறது.