பானுமதி அக்கா வீட்டு இரண்டாவது பெட்டி

நான் கொல்லிமலையில் இன்டர்நெட் லைன் இழுக்கிறவன். பெயர் குழந்தைசாமி, ஊர் பெரக்கரை நாட்டுப் பக்கம்; மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு. கம்பம் நட வழியில்லாத இடங்களில் சில்வர் ஓக் மரங்களில்தான் கேபிளைக் கட்டிக்கொண்டு போவேன். அதே மரங்களில்தான் மிளகுக் கொடியும் ஏறியிருக்கும். தை, மாசியில் மிளகு பறிக்க ஏணி சாத்துகிற புண்ணியவான்கள் என் கேபிளையும் சேர்த்து இழுத்துவிடுவார்கள். அப்புறம் "நெட்டு வல்லீங்களே" என்று எனக்கே போன் அடிப்பார்கள். பதினோரு வருடமாக இந்த ஜனங்களோடு மாரடிக்கிறேன். ஆனால் என்னை நாய் படாத பாடு படுத்தியது ஆலத்தூர் நாட்டில் இருக்கும் பானுமதி அக்கா வீட்டு லைன் ஒன்றுதான்.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் சாமை, வீட்டைச் சுற்றி மிளகு. கணவர் கருப்பண்ணன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். சின்ன மகன் ரமேஷ்குமார் கிழங்கு ஏற்றுகிற பிக்கப் வண்டி ஓட்டுகிறான். பெரியவன் சதீஷ்குமார் கத்தாரில் வேலை செய்கிறான். அவன் அம்மாவோடு பேசி மூன்று வருடம் ஆகிறது.

அவன் ஒரு பெண்ணை விரும்பினான். அந்தப் பெண் பங்காளி வகையறா. ஊர் கூடியது. பெரியவர்கள் கருப்பண்ணனைக் கேட்டார்கள், அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவைக் கேட்டார்கள். "அந்தப் புள்ள இவனுக்குத் தங்கச்சி முறையாகுதுங்க. கட்டக் கூடாதுங்க" என்று அக்கா சொல்லிவிட்டார். முறை என்னவோ அதைத்தான் சொன்னார். ஒரு மாதத்தில் அந்தப் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். சதீஷ் மலையை விட்டு இறங்கிப் போனான், போனவன் போனவன்தான்.

தம்பியோடு மட்டும் உறவு வைத்திருந்தான், அதுவும் கேமில். டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டி ஒன்று இவர்கள் வீட்டில் உண்டு. கத்தாரில் வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு அவன் அங்கிருந்தும் இவன் இங்கிருந்தும் சேர்ந்து விளையாடுவார்கள். குழுவாக ஒரு தீவில் இறங்கி எதிரிகளைச் சுடுகிற விளையாட்டு. "ஊட்டுப் பேச்சு ஏதாச்சும் எடுத்தீன்னா அன்னிக்கோட நான் வரமாட்டேன்" என்று சதீஷ் முதலிலேயே சொல்லிவிட்டான். சொன்னால் செய்கிற ஜாதி அவன்.

அக்கா கொஞ்ச நாள் கதவோரம் நின்று மகன் குரலைக் கேட்டுப் பார்த்தார். மனசு ஆறவில்லை. ஒரு நாள் ரமேஷிடம், "எனக்கும் ஒரு பெட்டி வாங்கிக் குடு சாமி, நானும் ஆடறேன்" என்றிருக்கிறார். அவன் சிரித்திருக்கிறான். அப்புறம் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, நாமக்கல்லில் யாரோ விற்ற பழைய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து உள்ளறையில் மாட்டினான். விளையாட்டில் அம்மாவுக்குப் பைசல் என்று பெயர் போட்டான். "அடிவாரத்துப் பையன்ண்ணா, நம்ம சிநேகிதன், மைக்கு கெட்டுப்போச்சு" என்று அண்ணனிடம் சொல்லி அம்மாவைக் குழுவில் சேர்த்தும் விட்டான். கையில் பிடிக்கிற ரிமோட்டிலேயே மைக் இருக்கிறது. அதை அணைத்து வைத்துவிட்டான்.

மிளகுச் சரம் உருவிப் பழகிய விரல். மூன்றே வாரத்தில் அக்கா தேறிவிட்டார். சுடத் தெரியாது, சுடவும் மாட்டார். யாராவது அடிபட்டு விழுந்தால் ஓடிப்போய் மருந்து கொடுப்பார், அவ்வளவுதான். "டேய் பைசல், மருந்து கொண்டாடா" என்று சதீஷ் கத்துவானாம். என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "எம் மவன் என்னைய டேய்ங்கறான் தம்பி! காதுக்கு எத்தனை இதமா இருக்குதுங்கற!"

வந்தது வினை. ஒரே வீட்டில், ஒரே லைனில் இரண்டு பெட்டி. முதலில் போகிற பெட்டி வழியைப் பிடித்துக்கொள்ளும், இரண்டாவதை வெளியே தள்ளிவிடும். எந்த வெள்ளிக்கிழமை உள்ளே விடும், எந்த வெள்ளிக்கிழமை விடாது என்று எனக்கும் தெரியாது, என்னைப் படைத்தவனுக்கும் தெரியாது. விடாத நாளில் அக்கா போன் செய்வார்.

"தம்பி, மறுக்கா வெளிய தள்ளிருச்சு. அவன் பைசலக் காணோம்னு கேக்கறானாம். சித்த வந்து பாரு சாமி."

ஏழு தடவை போனேன். ரவுட்டரை மாற்றினேன். இரண்டு பெட்டிக்கும் தனித்தனி நம்பர் கொடுத்தேன். முதலில் அக்கா பெட்டியைப் போட்டுவிட்டுப் பிறகு ரமேஷ் பெட்டியைப் போடச் சொன்னேன். அன்றைக்கு ரமேஷை வெளியே தள்ளியது. கம்பெனிக்குப் போன் செய்தால், மலை முழுக்க ஒரே இன்டர்நெட் முகவரியில் ஓடுகிறது, தனி முகவரி வேண்டுமென்றால் எழுதிக் கொடு என்றான் ஒரு மகராசன். எழுதிக் கொடுத்தேன். நாற்பது நாள் இழுத்தடித்தான். அத்தனை வெள்ளிக்கிழமையும் இந்தம்மா உள்ளறையில் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். யார்மேல் காட்டுவது?

தனி முகவரி ஒரு வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானமே போய்விட்டேன். அப்போதும் பழைய பெட்டி முரண்டு பிடித்தது. முன்னால் வைத்திருந்தவன் என்னென்ன குளறுபடி செய்து வைத்தானோ என்று, அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து அமைத்தேன். சோதித்துப் பார்த்தால் இரண்டு பெட்டியிலும் பச்சை, லைன் சரி. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ நல்லா இருக்கோணும் சாமி" என்றார். எனக்கும் பெருமைதான். எப்படி ஓடுகிறது பார்க்கலாம் என்று உள்ளறையில் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

நாலு மணி. கூடத்தில் ரமேஷ், உள்ளறையில் நாங்கள், கத்தாரில் சதீஷ். டிவி வழியாக அவன் குரல் பக்கத்து அறையில் இருப்பதுபோல் கேட்டது. "பைசலு, வந்துட்டியாடா? எங்கடா போய்த் தொலைஞ்ச இத்தனை நாளா?" அக்காவுக்கு முகமெல்லாம் பல். கால் மணி நேரம் அப்படி ஓடியது. அவனுக்குச் சளி பிடித்திருந்தது போல. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினான். பேச்சுக்கு நடுவில் ஒரு தும்மல் போட்டான்.

"நூறு" என்றார் அக்கா.

பிள்ளை தும்மினால் நம் பெண்கள் சொல்வார்களே, ஆயுசு நூறு என்று, அதுதான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தான் சொன்னதே தெரியாமல் சொன்னார். நான் திரையைப் பார்த்தேன். பைசல் என்ற பெயருக்குப் பக்கத்தில் மைக் படம் எரிந்து அடங்கியது. எல்லாவற்றையும் அழித்தவன் மைக்கை மறுபடி அணைத்தேனா? இல்லை. மடையன், அது நினைவிலேயே இல்லை.

அப்புறம் சதீஷின் குரல், ரொம்ப மெதுவாக. "டேய் ரமேஷு. யார்றா அது?"

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அங்கே அவன் இன்னொரு தும்மல் தும்மினான். அதற்கு இவர் வாயைத் திறக்கவில்லை, கண்ணில் மட்டும் பொலபொலவென்று கொட்டியது. நான் ரிமோட்டைப் பிடுங்கி மைக்கை அணைத்தேன். அணைத்து என்ன? அதற்குள் சதீஷின் பெயர் திரையிலிருந்து போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை சதீஷ் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் இல்லை. தம்பியையும் விளையாட்டு நண்பர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டான். ரமேஷ் அழைத்தால் போன் போவதில்லை. ரமேஷ் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நானே போனேன். கம்பெனியில் அக்கா பெயரில் நான் போட்ட புகார் இன்னும் முடியாமல் கிடந்தது. லைன் வைத்திருப்பவர் போனுக்கு வரும் ஓடிபியை வாங்கிப் போட்டால்தான் முடிப்பார்கள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? கேட்டேன். அக்கா போனைத் தூரமாகப் பிடித்து நாலு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்தார். இரண்டு பெட்டியும் பச்சை காட்டிக்கொண்டிருந்தன.

"ஏந்தம்பி" என்றார். "நீ லைன் வேல தெரிஞ்சவன். ஒண்ணு கேக்கறேன், சொல்லு. நான் அன்னிக்கு நூறுன்னனே, அது அவங்காதுல போய் உழுந்திருக்குமா? இல்ல, அதுக்குள்ள லைன் கட்டாயிருச்சா?"

"உழுந்துதுங்க்கா. லைன் சுத்தமா இருந்துச்சு" என்றேன்.

"அப்பச் செரி" என்றார். பிறகு எழுந்துபோய் இரண்டாவது பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினார்.

லைன் கட்டாகிவிட்டது, அதனால்தான் அவன் போய்விட்டான் என்று நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அந்தம்மா காத்துக்கொண்டாவது இருந்திருப்பார். திரும்பும் வழியில் சோளக்காடு ஊர் வரைக்கும் வண்டியில் வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.