பெயர்ச்சீட்டு கட்டிய துப்பாக்கி

கடையில் விற்பனைக்கு மாட்டியிருக்கும் பழைய துப்பாக்கியில் ஒரு பெயர்ச்சீட்டு தொங்கினால், அது அந்தத் துப்பாக்கி சுட்டுக் கொன்ற ஆளின் பெயர் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஒன்பது வயதில் அந்தக் கடைக்குள் நின்றிருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். டிராயரும் நனைந்திருக்கும். எனக்கு நனையவில்லை என்று சொல்ல வரவில்லை.

அப்பா மரக்காணத்து உப்பளத்தில் மேஸ்திரி. அப்பாவுக்கு அண்ணன், அதாவது என் பெரியப்பா, அதே வீட்டில் எங்களோடு இருந்தார். அவருக்குப் பெருமுக்கல் பக்கத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போடுகிற நிலம் கொஞ்சம். மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு இறங்கி வந்து, விருந்து சாப்பிட்டுவிட்டு, நிலத்தை உழுதும் கொடுத்துவிட்டுப் போகும். பெரியப்பா கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

"பன்னிய வெரட்ட தகர டப்பாவத் தட்டினா பத்தாதா?" என்றார் பெரியம்மா.

"பழைய டப்பாவா கெடைச்சா அதையும் வாங்கியாறேன்."

பழசு என்பதுதான் பெரியப்பாவின் மதம். எங்கள் வீட்டு சைக்கிள், டிரான்சிஸ்டர், மேசை விசிறி எல்லாமே வேறொரு வீட்டில் பிறந்து எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவை. புதுசு வாங்கி முதல் கீறல் போடுவதற்கு நம்மிடம் என்ன கொட்டியா கிடக்கிறது என்பார். அதனால் துப்பாக்கியும் பழசுதான். மெட்ராசுக்குப் போய் மூன்று கடையாவது ஏறி இறங்கிப் பார்த்துத்தான் வாங்குவது என்று கிளம்பினார். என்னையும் கூட்டிக்கொண்டார். பாசத்தினால் அல்ல, எனக்கு ஒரு வேலை இருந்தது. பேரம் உச்சத்தில் இருக்கும்போது அவர் என் தொடையைக் கிள்ளுவார். நான் உடனே "பசிக்குது" என்று அழ வேண்டும். அவர் "பையன் பசி தாங்க மாட்டான், வர்றேங்க" என்று எழுந்திருப்பார். கடைக்காரர் விலையை இறக்குவார். இந்த முறையில்தான் மேசை விசிறி வந்தது.

முதல் கடையில் துப்பாக்கி பளபளவென்று இருந்தது. பெரியப்பா மோந்து பார்த்துவிட்டு, "கெழவனுக்கு மீசைல மை பூசி வச்சிருக்கான்" என்று என் காதில் சொல்லி வெளியே வந்துவிட்டார். இரண்டாவது கடையில் கட்டையில் விரிசல். மூன்றாவது, மரப்படி ஏறிப் போகிற ஒடுக்கமான மாடிக் கடை. வாசலிலேயே என் கால் நின்றுவிட்டது.

சுவர் முழுக்கத் துப்பாக்கிகள். எண்ணெய் வாசனை. ஒரு சத்தமில்லை. எங்கள் ஊர் மாதா கோவிலில்கூட நான் அப்படி வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை. கறுத்த குழல்கள், தேன் நிறக் கட்டைகள், ஒன்றில் இரும்பின் மேலேயே சின்னதாக ஒரு கௌதாரி செதுக்கியிருந்தது. இறகுக்கு இறகு கோடு போட்டு, கண்ணுக்கு ஒரு புள்ளி வைத்து. கொல்லுகிற சாமானுக்கு இத்தனை அழகு எதற்கு என்று கேட்கத் தெரியாத வயது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூக்குக்கண்ணாடி போட்ட வயசான கடைக்காரர் கௌதாரித் துப்பாக்கியையே எடுத்தார். ஒற்றைக் குழல். அதை மடக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"உள்ள பாருங்க. கறுப்பா புள்ளி இருந்தா துரு தின்னுருக்குதுன்னு அர்த்தம். ஒரு புள்ளி காட்டிட்டீங்கன்னா சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

பெரியப்பா வெகுநேரம் பார்த்தார். புள்ளி கிடைக்காத வருத்தம் முகத்தில் தெரிந்தது. பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். வெளிச்சம் வளையல் வளையலாக ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டே போயிற்று. அந்தக் கடைசியில், சட்டைப் பொத்தான் அளவுக்கு மெட்ராஸ் தெரு. அதில் ஒரு ரிக்‌ஷா போயிற்று. இதுவரை நான் பார்த்த ரிக்‌ஷாக்களில் அதுதான் சுத்தமானது.

"எந்த ஊருங்க?" என்றார் கடைக்காரர்.

"மரக்காணம்."

"உப்புக் காத்தாச்சே! வாரம் ஒருக்கா எண்ணெய் போட்டுத் தொடைச்சிடணும்."

பேரம் ஆரம்பித்தது. நான் கண்ணை எடுத்து மறுபடி சுவரைப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு துப்பாக்கியிலும் நூலில் கட்டிய ஓர் அட்டைச் சீட்டு. ஒவ்வொன்றிலும் ஓர் ஆண் பெயர். ஒன்றில் மட்டும் இரண்டு சீட்டு.

"இந்தப் பேருங்கல்லாம் யாரு தாத்தா?"

அவர் பேரத்தில் கவனமாக, என்னைத் திரும்பிப் பாராமல் சொன்னார். "எல்லாம் செத்துப்போனவங்கடா தம்பி."

சுவர் முழுக்க. இரண்டு சீட்டுத் துப்பாக்கி என்னையே பார்ப்பது போலிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா தொடையைக் கிள்ளினார். நான் போட்ட கூச்சலில் பசி என்ற சொல்லே இல்லை. கடைக்காரர் பதறிப்போய், "மொதல்ல கொழந்தைக்கு ஏதாவது வாங்கிக் குடுங்க, நீங்க கேட்ட வெலைக்கே எடுத்துக்குங்க" என்றார். பஸ்ஸில் பெரியப்பா என் நடிப்பைப் பாராட்டி மூன்று முறை தலையைத் தடவினார்.

வீட்டில் அது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நின்றது. தோட்டாக்கள் பீரோவுக்குள், சாவி பெரியம்மாவின் இடுப்பில். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா எண்ணெய் போடுவார். நான் பக்கவாட்டில் உட்கார்ந்து கௌதாரியைப் பார்ப்பேன், குழலுக்கு நேராக மட்டும் வரமாட்டேன். அவர் நிலத்துக்குத் துப்பாக்கியோடு போன நாட்களில் பன்றிகள் வரவில்லை. வந்த நாட்களில் அவர் போகவில்லை.

தேர்தல் வந்தது. ஒருநாள் காலை போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து மோர் வாங்கிக் குடித்தார்.

"எலெக்‌ஷன் முடியற வரைக்கும் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடணுங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள."

"கொண்டாந்துடறேன். பத்திரமா இருக்குமில்ல?"

"உங்க பேர எழுதி சீட்டு கட்டி வச்சிடுவோம். வேற யாருக்கும் மாறாது."

வேறு யாருக்கும் மாறாது! பெரியப்பா பெயரை முதலிலேயே எழுதிக் கட்டிவிட்டால், பிறகு துப்பாக்கி தன் வேலையை முடிக்க வேண்டியதுதான் பாக்கி. அவரோ சிரித்துக்கொண்டு இரண்டாவது சொம்பு மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்!

மதியம் எல்லோரும் தூங்கினார்கள். துப்பாக்கியைப் பாயில் சுருட்டி, தலையில் வைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். விடியலில் ஆரம்பித்த வேலையை முடித்து ஆட்கள் போய்விட்ட நேரம். பாத்திகள் வெள்ளையாக எரிந்தன. வரப்பு மேல் வரிசையாக உப்பு அம்பாரங்கள். கடைசி அம்பாரத்தின் ஓலையை விலக்கி, கையால் தோண்டி, உள்ளே செருகி மூடினேன். பெரியப்பாவின் உயிரைக் காப்பாற்றியாயிற்று. கையெல்லாம் எரிந்தது. வீரத்தின் அடையாளம் என்று ஊதிக்கொண்டேன்.

சாயங்காலம் பீரோ ஓரம் காலியாக இருப்பதைப் பெரியம்மா பார்த்தார். வீட்டையே கவிழ்த்துத் தேடினார்கள். பெரியப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"திருட்டுப் போச்சுன்னா எவன் நம்புவான்? எவனுக்கோ வித்துட்டேன்னு உள்ள தள்ளிடுவானுங்க."

லைசென்சை எடுத்து மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜெயிலுக்குப் போனால் ஆள் உயிரோடு இருப்பார், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டேன். இத்தனை தெளிவாக நான் யோசித்தது அதற்குப் பிறகு வாழ்க்கையில் கிடையாது.

மறுநாள் காலை அப்பா உப்பளத்துக்குக் கிளம்பும்போது, கடைசி அம்பாரத்தை ஏற்ற லாரி வந்துவிட்டது என்றார். நான் அப்பாவுக்கு முன்னால் ஓடினேன். நான் ஓடிய விதத்தில் சந்தேகப்பட்டு, பெரியப்பா என் பின்னாலேயே ஓடிவந்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள், கூடையோடு நின்ற ஒரு அம்மா கத்தினார்.

"மேஸ்திரி! உப்புல குழா மொளைச்சிருக்குது!"

ஆட்கள் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. துப்பாக்கியை வாங்கி வேட்டியால் துடைத்துக்கொண்டே, ஏன்டா என்று மட்டும் கேட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"அது வச்சிருந்தவங்க பேருடா" என்றார். "அவங்க போன பின்னாடி புள்ளைங்களுக்கு லைசென்ஸ் இருக்காது. கடையில கொண்டாந்து குடுத்துடுவாங்க. அதனாலதான் நமக்கு மலிவாக் கெடைக்குது."

பத்து மணிக்குள் என்னையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். போலீஸ்காரர் அவர் பெயரை எழுதிச் சீட்டுக் கட்டியதைப் பார்த்தேன். தேர்தல் முடிகிற வரை பெரியப்பா இருமினால்கூட ஓடிப்போய்ப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. துப்பாக்கி திரும்பி வந்ததும் சீட்டை அவிழ்த்து என் கையில் கொடுத்தார், நான் அதைச் சுக்கு சுக்காகக் கிழித்தேன். ஆபத்து தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். சர்க்கரை வியாதி முற்றி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தூக்கத்திலேயே போனார். எங்கள் யாருக்கும் லைசென்ஸ் இல்லை. கலெக்டர் ஆபீசில் அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு, நான்தான் அதே மாடிக் கடைக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோனேன். இப்போது அந்தக் கடைக்காரரின் மகன் இருந்தார். குழலை மடக்கி ஜன்னலுக்கு நேராகப் பார்த்தார்.

"உள்ள புள்ளி புள்ளியா இருக்குதே. உப்புக் காத்தா சார்?"

"காத்து இல்லைங்க. உப்பேதான்."

அவர் ஓர் அட்டையை எடுத்து, பெரியப்பாவின் பெயரைக் கேட்டு எழுதி, நூல் கோத்து, கௌதாரிக்குப் பக்கத்தில் கட்டினார்.