பனிமலையில் லண்டன் நேரம்

பவானி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் பிள்ளைகளுக்குக் கஸ்ரட் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஏப்ரன் பைக்குள் கைபேசி விடாமல் அதிர்ந்தது. பரிமாறும் நேரத்தில் அதைத் தொடக்கூடாது என்பது எங்கள் சமையலறைச் சட்டம். ஆனாலும் எடுத்தேன். அக்காவின் மகள் யாழினி. "சுகி அன்ரி, அம்மா சேலைக்கு அயன் போட்டுக்கொண்டு நிண்டவா. களைக்குது எண்டு இருந்தவா. அவ்வளவுதான் அன்ரி." ஈஸ்ட் ஹாமில் நடக்கவிருந்த ஒரு கலியாணத்துக்குப் போகத்தான் அந்தச் சேலை. என் கையில் அகப்பை அப்படியே நின்றது. எனக்கு இடப்பக்கம் அக்கா நின்று உருளைக்கிழங்கு பரிமாறும் இடத்தில் அன்று வேறொருத்தி நின்றாள். அக்கா கலியாணத்துக்காக லீவு எடுத்திருந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி யாழினி கேட்டாள். மற்றவர்கள் அக்காவின் பொறுமையையும் அடக்கத்தையும் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். மோர்டனில் அவரோடு ஒரே சமையலறையில் இத்தனை வருடம் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பொறுமை அவருக்குக் கிடையாது. அவரிடம் இருந்தது துள்ளல். லண்டனில் நாலு பனித்துகள் விழுந்தால் போதும், தலைமுடி வலையோடு பின்கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடுவார். "சுகி, ஸ்னோ கொட்டுது, வா, கெதியா வா." நான் கையைத் துடைத்துக்கொண்டு போவதற்குள் அது சேறாகியிருக்கும். "இந்த ஊர் ஸ்னோவுக்கு ரோசமே இல்லை" என்று திட்டிக்கொண்டு திரும்பி வருவார்.

அப்படித் திட்டிய ஒரு நாளில்தான் அந்த யோசனை வந்தது. மதிய வேலை முடிந்து களஞ்சிய அறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். என் அண்ணை சூரிச்சில் இருக்கிறார். பெப்ரவரி விடுமுறைக்கு நான் அவரிடம் போவது வழக்கம். அக்கா என் கைபேசியை வாங்கி எதையோ தேடினார். சுவிஸ் மலையூர் ஒன்றில், பனிக்குள் நிற்கவைத்துத் தனியாகப் படம் எடுத்துத்தருகிற லீனா என்ற பெண்ணின் பக்கம் அது. "நானும் அத்தானும் இதுக்குப் போறம். நீயும் வாறாய். எனக்குச் சேலைக்குப் பின் குத்த ஆள் வேணும்" என்றார். கேட்கவில்லை, அறிவித்தார். தக்காளி ரின்களுக்கு நடுவிலிருந்தே லீனாவுக்கு வீடியோ அழைப்பும் எடுத்துவிட்டார்.

என்ன விசேஷம் என்று லீனா கேட்டாள். கலியாணம் என்றார் அக்கா. எப்போது கலியாணம் என்று அவள் கேட்டதற்கு அக்கா தன் ஆங்கிலத்தில் சொன்ன பதிலின் தமிழ் இது: "கலியாணம் எப்பவோ முடிஞ்சுது. படம்தான் இன்னும் எடுக்கேல்லை."

அவர்களுடைய கலியாணத்துக்குப் படம் எடுக்கப்படாமல் இல்லை. அக்காவின் கணவர் தவம் அண்ணை லண்டனில் வதிவிட உரிமை கிடைத்த கையோடு சென்னைக்குப் போய், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அக்காவுக்குத் தாலி கட்டினார். நம்மில் எத்தனையோ பேரின் கலியாணம் அப்படித்தான். விசா அலுவல் தெரிந்த மாமா ஒருவர் படக்காரருக்குப் பக்கத்தில் நின்று கட்டளை போட்டாராம். தாலி தெளிவாகத் தெரியவேண்டும், கையெழுத்துப் போடுவது தெரியவேண்டும், சொந்தக்காரர் எல்லாருடைய முகமும் தெரியவேண்டும். முக்கியமாக ஒருவரும் சிரிக்கக்கூடாது, சிரித்தால் ஒஃபிசர் இதை நாடகம் என்று நினைப்பார். அந்த அல்பம் முழுதாக விசா விண்ணப்பத்தோடு போனது. விசா வந்தது, அல்பம் வரவில்லை. படம் எடுத்த ஸ்ரூடியோவும் பிறகு மூடப்பட்டுவிட்டது. "எங்கட கலியாணத்தை எங்களை விட அந்த ஒஃபிசர்தான் வடிவாப் பாத்தவர்" என்று அக்கா சிரித்துக்கொண்டு சொல்வார். சிரித்தாலும் அது அவருக்கு ஆறாத குறை.

அதைவிடப் பெரிய குறை தவம் அண்ணை. அந்த நாளிலிருந்து கமராவைக் கண்டால் அவர் விறைத்துவிடுவார். கை இரண்டும் தொடையோடு ஒட்டும், கண் இமைக்காது. யாழினியின் கலியாணப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லாவற்றிலும் மனிதர் விசாவுக்கு நிற்கிறார். "ஒஃபிசருக்கு இல்லாமல் எனக்கெண்டு இவர் ஒரு படத்தில நிக்கவேணும். ஒண்டே ஒண்டு போதும்" என்று அன்று மூட்டையில் இருந்தபடி அக்கா சொன்னார். துள்ளலுக்குள்ளே அந்த ஆசை இருந்தது. அதற்குப் பிறகு அக்காவை விட நான்தான் அதிகம் பரபரத்தேன்.

லீனாவுக்கு வியாழக்கிழமைதான் ஒழிவு. மதியம் ஒன்றரைக்கு வாருங்கள், அப்போதுதான் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றாள். அக்கா வீட்டுக்குப் போய், கோயிலில் தந்த நாட்காட்டியைப் பார்த்துவிட்டு எனக்குக் கைபேசியில் அடித்தார். "ஏலாது சுகி. வியாழன் ஒண்டரையில இருந்து மூண்டு மட்டும் ராகு காலம். முதல் கலியாணப் படத்துக்கு நடந்தது போதும். பன்னிரண்டுக்கு மாத்தச் சொல்லு." உச்சி வெயிலில் பனியின் வெளிச்சம் முகத்தில் அடிக்கும், கண் கூசும் என்று லீனா எவ்வளவோ சொன்னாள். கூசினால் கூசட்டும் என்று பன்னிரண்டுக்கே பதிந்தோம்.

அந்த வியாழக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் நிலத்தில் நிற்பதில்லை. அக்காவும் அண்ணையும் முதல்நாளே போய் அந்த மலையூரில் ஒரு விடுதியில் தங்கிவிட்டார்கள். நான் காலையில் சூரிச்சிலிருந்து ரெயினில் போய் இறங்கினேன். ரெயின் கதவு திறந்ததும் எங்கும் வெள்ளை. லீனா தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள வெளியில் கமராவோடு நின்றாள். பன்னிரண்டாயிற்று. ஒருவரையும் காணோம். பன்னிரண்டரை ஆயிற்று. அக்கா ரோமிங்குக்குப் பயந்து கைபேசியை நிறுத்தி வைத்திருந்தார். லீனா பொறுமையாகச் சிரிக்க, நான் குளிரில் குதித்துக்கொண்டு, நம்மவர்களின் நேரப் பழக்கத்துக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் என்ன விளக்கம் சொல்லலாம் என்று யோசித்தேன்.

சரியாக ஒரு மணிக்கு இருவரும் ஆடி அசைந்து வந்தார்கள். அக்கா கூறைச்சேலை கட்டி, அதற்குள் கம்பளி உள்ளாடை, கீழே முழங்கால் வரை பனிச்சப்பாத்து, மேலே கோட்டு. "பாத்தியே, சொன்ன நேரத்துக்கு வந்திட்டம்" என்றார் பெருமையாக. அண்ணை சட்டைக்கையை விலக்கிக் காட்டினார். அவருடைய மணிக்கூட்டில் பன்னிரண்டு. எனக்கு அப்போதுதான் விளங்கியது. தவம் அண்ணை எந்த நாட்டுக்குப் போனாலும் மணிக்கூட்டை மாற்றுவதில்லை. "திரும்பி வாற இடம் லண்டன்தானே" என்பார். விடுதி அறையில் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு அவசரமில்லாமல் ஆறுதலாக இருந்திருக்கிறார்கள்.

லீனாவின் அடுத்த பதிவுக்காரர், தேன்நிலவுக்கு வந்த ஒரு சோடி, அதற்குள் வந்துவிட்டார்கள். அவர்களை முடித்துவிட்டு ஒன்றரையிலிருந்து ஒரு மணித்தியாலம் தரமுடியும் என்றாள். அதைவிட்டால் அந்தக் கிழமை முழுதும் இடமே இல்லை. ஒன்றரை. எந்த நேரத்துக்குப் பயந்து அவ்வளவு வாதாடினாரோ அதே நேரம். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "விடு சுகி, எங்களுக்குப் படம் அமையாது" என்று கோட்டின் பொத்தானைப் போடத் தொடங்கினார்.

போட்ட கை பாதியில் நின்றது. "சுகி, அந்தக் கலண்டர் லண்டன் கோயில் தந்ததெல்லே?"

"ஓம் அக்கா."

"லண்டன் நேரத்துக்குத்தானே கணிச்சது? இவற்ர மணிக்கூடும் லண்டன். அப்ப எங்கட ராகு காலம் தொடங்க இன்னும் கிடக்கு." அண்ணையின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி எனக்குக் காட்டினார். அவர் சொன்ன கணக்கில் பிழை இல்லை. இங்கே ஒன்றரையில் தொடங்கி இரண்டரையில் முடித்தால், அங்கே ஒன்றரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். இதைப் பஞ்சாங்கக்காரர் ஒப்புவாரா என்ற கேள்வி எனக்கு வாய்வரை வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னை எடுத்துச் சேலை மடிப்பில் குத்தினேன்.

கோட்டை என்னிடம் கழற்றித் தந்துவிட்டு அக்கா பனிக்குள் இறங்கினார். சிவப்புக் கூறையில் அந்த வெள்ளை வெளியே அவருடைய வீடு என்பதுபோல நடந்தார். அண்ணையோ வழக்கம்போல ஒஃபிசருக்கு நின்றார். ஒருவரையொருவர் பாருங்கள் என்றாள் லீனா. அவர் லீனாவைப் பார்த்தார். கையைப் பிடியுங்கள் என்றாள். பொலிஸ்காரர் பிடிப்பதுபோலப் பிடித்தார். "இஞ்சருங்கோ, அவ விசா குத்த வரேல்லை" என்றார் அக்கா. அதற்கும் அசைவில்லை. இடையிடையே "என்ன நேரம்?" என்று கேட்பார். அண்ணை பார்த்துச் சொல்வார். லீனா எடுத்துக்கொண்டேயிருந்தாள், ஆனால் அவள் முகத்தில் திருப்தி இல்லை.

நேரம் முடியும் தறுவாயில் வெயில் மலையின் தோளில் சாய்ந்து பனி முழுவதும் மஞ்சளாயிற்று. இன்னும் கொஞ்ச நேரம், இந்த வெளிச்சம் இனி வராது என்று லீனா கெஞ்சினாள். "என்ன நேரம்?" என்றார் அக்கா. பதில் இல்லை. திரும்பிப் பார்த்தார். தவம் அண்ணை குனிந்து, நாக்கைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு, விறைத்த விரலால் மணிக்கூட்டின் திருகை இழுத்து முள்ளைப் பின்னுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். எந்த நாட்டிலும் மாற்றாத மணிக்கூடு.

"என்ன செய்யிறியள்?"

"லண்டனில ரெயின் எல்லாம் பிந்துதாம்" என்றார் அண்ணை, தலையை நிமிர்த்தாமல். "நேரமும் பிந்தித்தான் வரும். இன்னும் கால் மணித்தியாலம் கிடக்கு. நீர் நில்லும்."

அக்கா சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. வாய் முழுதாகத் திறந்து, கண் மூடி, அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சிரித்தார். அவரும் சிரித்துவிட்டார். லீனா அதை எடுத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கால் மணித்தியாலமும் அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை, எடுத்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண்ணீர் வந்தது, குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். அந்த மாசிப் பயணத்துக்குப் பிறகு இருவரும் எல்லா விசேஷங்களுக்கும் பிந்தி வருகிறார்கள் என்று நீங்கள் குறைபட்டீர்கள். லண்டன் எட்மண்டனில் ஒரு பிறந்தநாளில் கேக் வெட்டிய பிறகு வந்தார்கள் என்று என்னிடமே முறையிட்டவர்கள் உண்டு. அந்த முள்ளை அண்ணை திருப்பிச் சரியாக்கவேயில்லை. அக்கா விடவில்லை. "அது எங்கட நேரம், கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மரண அறிவித்தலுக்குப் படம் தெரிந்தெடுத்தபோது, யாழினி பாஸ்போட் படம் ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். தவம் அண்ணை அதைத் தள்ளிவிட்டு லீனாவின் படத்தைக் கொடுத்தார். "அப்பா, இதில அம்மா வாயைத் திறந்துகொண்டு நிக்கிறா, சனம் என்ன சொல்லும்?" என்று யாழினி அழுதுகொண்டு கேட்டாள். "இது ஒஃபிசருக்கு இல்லைப் பிள்ளை" என்றார். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மலரின் முகப்பில் இருப்பது அந்தப் படம்தான்.

தகனச்சாலையில் எங்களுக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது. அடுத்த குடும்பம் வந்து வெளியே காத்து நின்றது. அங்கே பொறுப்பாக நின்றவர் மெதுவாகக் கிட்ட வந்து, இனிப் பெட்டிக்கு முன்னாலுள்ள திரையை மூடலாமா என்று கேட்டார். தவம் அண்ணை சட்டைக்கையை விலக்கி மணிக்கூட்டைப் பார்த்தார். "இன்னும் கால் மணித்தியாலம் கிடக்கு" என்று தமிழில் சொல்லிவிட்டு, அக்காவின் தலைமாட்டில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த மனிதருக்குச் சொல் விளங்கியிராது. ஆனால் அவர் பின்னுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்களும் நின்றோம்.

இனி அண்ணை எங்காவது பிந்தி வந்தால் முகம் சுளிக்காமல் ஒரு கதிரை பிடித்து வையுங்கள். அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது என்ன என்று கேட்டால், முகப்புப் படத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். பாதிக் கையும் ஒரு கறுப்புக் கோட்டும் தெரியும். அழகில்லை என்று அச்சகத்தில் வெட்டப் பார்த்தார்கள், நான் விடவில்லை. அது என்னுடைய கை. அந்தக் கால் மணித்தியாலமும் அக்காவின் கோட்டை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.